வீட்டில் பைக்கைத் தூக்கி நிறுத்த எந்த ஸ்டாண்ட்?

செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. ஒரு பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய துணி, ஒரு டப்பா செயின் ஸ்ப்ரே, அவ்வளவுதான். பின் சக்கரம் மட்டும் தரையில் படாமல் சுற்ற வேண்டும். அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். யாரையாவது கேட்டால் "ஒரு பேடாக் ஸ்டாண்ட் வாங்கிப் போடு" என்று ஒரே வரியில் பதில் வரும். பேடாக் என்பது வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த, தனியாக வாங்கி வைத்துக்கொள்ளும் ஸ்டாண்ட். எந்த மாதிரி, எந்த வண்டிக்கு, எதற்காக என்று சொல்பவர்கள் குறைவு.

சொல்லப்படுவதிலும் பல தப்பு. டபுள் ஸ்டாண்ட் இருந்தாலும் பேடாக் ஸ்டாண்ட்தான் வண்டிக்கு நல்லது என்பார்கள். பேடாக்கில் நிறுத்தினால் ஷாக் அப்சார்பருக்கு ஓய்வு கிடைக்கும் என்பார்கள். 300 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். மூன்றும் சரியில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள இரண்டே கேள்வி கேட்டால் போதும். வண்டியின் எந்தப் பாகம் எனக்குத் தரையை விட்டு விடுபட வேண்டும்? அது விடுபட்டிருக்கும்போது எடையை எந்தப் பாகம் தாங்கும்? இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், தேவையில்லாத ஸ்டாண்டை வாங்கி வர மாட்டீர்கள்.

## வண்டியோடு வரும் ஸ்டாண்டுகள்

சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு சக்கரமும் அந்த ஒற்றைக் காலுமாக மூன்று இடத்தில் தரையைத் தொட்டு நிற்கிறது. எந்தச் சக்கரமும் விடுபடவில்லை. அதாவது இது நிறுத்துவதற்கான ஸ்டாண்ட். இதை வைத்துச் செயினுக்கு எண்ணெய் போடவே முடியாது என்றில்லை. தெரிகிற நீளத்துக்குப் போட்டு, வண்டியை ஓரடி உருட்டி, மறுபடி போட்டு, மறுபடி உருட்டிச் செய்யலாம். கொஞ்சம் சலிப்பாக இருக்குமே தவிர, தவறில்லை.

டபுள் ஸ்டாண்ட் என்று நாம் சொல்லும் சென்டர் ஸ்டாண்ட், சேசிஸின், அதாவது வண்டியின் முதன்மைச் சட்டத்தின், அடியில் மாட்டப்பட்ட இரண்டு கால்கள். வண்டி நேராக நிற்கும், பின் சக்கரம் காற்றில் தொங்கும். ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்றவற்றில் இது கம்பெனியிலிருந்தே வருகிறது. கேடிஎம் டியூக், யமஹா ஆர்15, எம்டி-15 மாதிரியான வண்டிகளில் கிடையாது. எடையைக் குறைக்க வேண்டும், வளைவில் நன்றாகச் சாயும்போது அடியில் எதுவும் தரையில் உரசக் கூடாது என்பதற்காக விட்டுவிடுகிறார்கள்.

இப்படி டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்காரர்களுக்குத்தான் பேடாக் ஸ்டாண்ட் முதலில் தேவைப்படுகிறது. இது வண்டியில் ஒட்டியிராத, தனியாக வைத்துக்கொள்ளும் இரும்புக் குழாய்ச் சட்டம். இரண்டு சின்ன உருளைகள், மேல்நோக்கி இரண்டு கைகள், பின்னால் நீளமாக ஒரு பிடி. ரேஸ் வண்டிகளில் சைடு ஸ்டாண்டையும் கழற்றிவிடுவார்கள், அதனால் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையத்திலோ ரேஸ் நடக்கும்போது போய்ப் பார்த்தால், ஓடாத நேரத்தில் வண்டிகள் இதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கும். அங்கே பார்த்துப் பழகியதால்தானோ என்னவோ, டபுள் ஸ்டாண்டைவிட இது உயர்ந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உங்கள் வண்டியில் நல்ல டபுள் ஸ்டாண்ட் இருந்தால் செயின் வேலைக்கு வேறெதுவும் வாங்க வேண்டியதே இல்லை.

## 160 கிலோவை ஒரு கையால் தூக்க முடிவது எப்படி

பெரிய கல்லைப் பெயர்க்கும்போது கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லை முட்டாக வைத்து, மறுமுனையை அமுக்குவோம். முட்டுக்கல்லில் இருந்து நம் கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக நெம்பலாம். பேடாக் ஸ்டாண்டும் ஒரு கடப்பாரைதான். அதன் உருளைகள்தான் முட்டுக்கல். மேல்நோக்கிய கைகள் வண்டியின் பின்பகுதியைத் தாங்கும் நுனி. நீளமான பிடி நம் பக்கத்து முனை.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 160 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் தரையிலேயே இருப்பதால் நாம் தூக்குவது பின்பக்க எடையை மட்டும், கிட்டத்தட்ட பாதி, 80 கிலோ. பிடியின் தூரம் நுனியின் தூரத்தைப் போல 5 மடங்கு இருந்தால், கையில் கொடுக்க வேண்டிய அழுத்தம் 16 கிலோ அளவுதான். ஸ்டாண்ட் சுழலச் சுழல இந்த விகிதம் மாறிக்கொண்டே போகும் என்பதால் இது துல்லியமான கணக்கல்ல. ஆனால் ஒல்லியான ஆள்கூட கனமான வண்டியைத் தூக்கிவிடுவதன் காரணம் இதுதான்.

"எத்தனை கிலோ தாங்கும்" என்ற கேள்வி ஏன் பெரிதாக உதவாது என்பதும் இதிலேயே தெரிகிறது. வண்டியின் முழு எடை பேடாக் ஸ்டாண்டில் ஏறுவதே இல்லை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகள் 110 கிலோவிலிருந்து 220 கிலோவுக்குள் அடங்கிவிடும், அதில் பாதி என்பது சுமாரான ஸ்டாண்டுக்கும் பெரிய சுமையல்ல. ஸ்டாண்டுகள் பெரும்பாலும் எடை தாங்காமல் முறிந்து விழுவதில்லை. பக்கவாட்டில் ஆடியும், ஒரு பக்கம் நழுவியும்தான் வண்டியைக் கீழே போடுகின்றன. பார்க்க வேண்டியது அதைத்தான்.

இனி, தூக்கியதும் அது ஏன் தானாக இறங்கிவிடுவதில்லை என்பது. பிடியை அமுக்கும்போது ஸ்டாண்டின் கைகள் வட்டமாகச் சுழன்று மேலே வருகின்றன. வண்டியும் கூடவே மேலேறியபடி சிறிது பின்னால் நகர்கிறது. உருளைக்கு நேர் மேலே வருவதுதான் உச்சம். அந்த உச்சத்தைக் கொஞ்சம் தாண்டி, பின்பக்கமாகச் சரிந்த நிலையில் பிடி தரையில் முட்டி நின்றுவிடும். இதை மையம் தாண்டுதல் என்று சொல்லலாம். மையத்தைத் தாண்டிவிட்டால் வண்டியின் எடையே ஸ்டாண்டை அந்த நிலையில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்க வேண்டுமானால் மறுபடி உச்சத்துக்கு ஏறி, முன்பக்கமாக வர வேண்டும்.

டபுள் ஸ்டாண்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. கால்கள் நேராக நின்றுவிடுவதில்லை, நேரைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய்த்தான் நிற்கின்றன. அதனால்தான் வண்டியை முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் டபக்கென்று இறங்கிவிடுகிறது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இது: இரண்டு ஸ்டாண்டும் வண்டியைப் பின்னால் இழுத்துத்தான் ஏற்றுகின்றன. வண்டி முன்னால் உருண்டால் இரண்டுமே விட்டுவிடும்.

## ஷாக் அப்சார்பருக்கு உண்மையில் ஓய்வு கிடைக்கிறதா

பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் கைக்கு ஸ்விங்ஆர்ம் என்று பெயர். அதன் முன்முனை சேசிஸோடு ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும், பின்முனையில் சக்கரம். ரோட்டில் பள்ளம் மேடு வரும்போது இந்தக் கைதான் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசைகிறது. இதற்கும் சேசிஸுக்கும் நடுவில் ஷாக் அப்சார்பர் நிற்கிறது.

டபுள் ஸ்டாண்ட் எடையைச் சேசிஸிலிருந்து நேராகத் தரைக்கு இறக்கிவிடுகிறது. ஸ்விங்ஆர்ம் மேல் எந்தச் சுமையும் இல்லை. சக்கரத்தின் எடையில் அது கீழே தொங்கும், ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டுவிடும். இங்கே அதற்கு உண்மையிலேயே ஓய்வு.

பேடாக் ஸ்டாண்ட் அப்படியல்ல, அது ஸ்விங்ஆர்மின் பின்முனையைப் பிடித்துத் தூக்குகிறது. வண்டியின் பின்பக்க எடை சீட், சேசிஸ் வழியாக வந்து, ஷாக் அப்சார்பரை அமுக்கி, ஸ்விங்ஆர்மில் இறங்கி, அதன் பிறகுதான் ஸ்டாண்டுக்கு வருகிறது. சக்கரம் செய்த வேலையை ஸ்டாண்ட் செய்கிறது, அவ்வளவே. தரையில் நிற்கும்போது ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்கியிருந்ததோ ஏறக்குறைய அவ்வளவே இப்போதும் அமுங்கியிருக்கும். ஊருக்குப் போகும்போது வண்டியை மாதக்கணக்கில் பேடாக்கில் ஏற்றிவிட்டுப் போனால் பின் டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கும், அது நல்லதுதான். ஷாக் அப்சார்பருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

இதற்கும் செயினுக்கும் ஒரு முக்கியமான தொடர்பு உண்டு. செயினைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும், அந்த ஆட்டத்துக்குச் செயின் தளர்வு என்று பெயர். எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் போட்டிருக்கும். இன்ஜின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரம் ஒரு இடத்தில் இருக்கிறது, ஸ்விங்ஆர்ம் அசையும் போல்ட் வேறொரு இடத்தில் இருக்கிறது. அதனால் ஸ்விங்ஆர்ம் மேலே போனாலும் கீழே வந்தாலும் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவிலான தூரம் மாறும், தளர்வும் கூடவே மாறும். டபுள் ஸ்டாண்டில் ஸ்விங்ஆர்ம் தொங்குகிறது, பேடாக்கில் அமுங்கி நிற்கிறது. ஒரே செயின், இரண்டிலும் இரண்டு அளவு காட்டும்.

ஆகவே கையேட்டில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வண்டி எந்த ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்று போட்டிருப்பதையும் படியுங்கள். டபுள் ஸ்டாண்டுக்குச் சொன்ன அளவைப் பேடாக்கில் வைத்துச் சரிசெய்தால் செயின் தேவைக்கு மேல் இறுகியோ தளர்ந்தோ போகும். இறுகிய செயின் ரொம்ப மோசம். பள்ளத்தில் ஸ்விங்ஆர்ம் மேலேறும்போது செயினுக்கு இடம் கொடுக்க வழியில்லாமல், அந்த இழுப்பு முழுவதும் பேரிங்குகளின் மேல் விழும்.

இன்ஜின் ஆயிலுக்கும் இதே எச்சரிக்கை. பின்பக்கம் தூக்கியிருந்தால் ஆயில் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், இன்ஜினில் பதித்த சின்னக் கண்ணாடியில் தெரியும் மட்டம் உண்மையான மட்டமாக இருக்காது. டபுள் ஸ்டாண்டில் பார்க்கச் சொல்லியிருந்தால் அதில், நேராக நிமிர்த்திப் பார்க்கச் சொல்லியிருந்தால் சமதரையில் இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்படி யாரையாவது பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

சுருக்கமாக: டபுள் ஸ்டாண்ட் சக்கரத்தையும் ஸ்விங்ஆர்மையும் சேர்த்து விடுவிக்கும். பேடாக் ஸ்டாண்ட் சக்கரத்தை மட்டும் விடுவிக்கும். பின் ஷாக் அப்சார்பரையே கழற்ற வேண்டும் என்றால் ஸ்விங்ஆர்மைத் தூக்கும் பேடாக் உதவாது. கழற்றிய அடுத்த கணம் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும்.

## பின்பக்க பேடாக்: கொக்கியா, பட்டையா

கடையில் இரண்டு மாதிரி காட்டுவார்கள். ஒன்றில் கைகளின் நுனியில் ஆங்கில 'வி' வடிவக் கொக்கி இருக்கும். இன்னொன்றில் ரப்பர் போட்ட தட்டையான பட்டை இருக்கும். எது வேண்டும் என்பதை உங்கள் ஸ்விங்ஆர்ம்தான் தீர்மானிக்கிறது.

வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பின் அச்சுக்குப் பக்கத்தில் ஸ்விங்ஆர்மைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரை வெட்டிய ஒரு துளை இருக்கிறதா? டியூக் போன்ற ஸ்போர்ட்ஸ் வகை வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும். அதில் திருகுவதற்கு நூல்கண்டு வடிவில் சின்ன உருளை கிடைக்கும், அதற்குப் பாபின் என்று பெயர். கொக்கி இந்தப் பாபினின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டால் முன்னாலும் நகராது, பக்கவாட்டிலும் நகராது. இருக்கிற வழிகளில் உறுதியானது இதுதான். துளை இருக்கும் வண்டிக்காரர் பட்டை வகையை யோசிக்கவே வேண்டாம்.

பாபின் வாங்கும்போது துளையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். 6, 8, 10 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். விட்டம் ஒன்றாகவே இருந்தாலும் மரையின் நெருக்கம் வேறாக இருக்கலாம். வண்டியின் பெயரையும் மாடல் வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். மாட்டும்போது முதல் நாலைந்து சுற்றுக் கையாலேயே போக வேண்டும். கையால் போகாததை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். பல வண்டிகளில் ஸ்விங்ஆர்ம் அலுமினியம், பாபின் போல்ட் இரும்பு. மரை போனால் போவது ஸ்விங்ஆர்மின் மரைதான்.

துளை இல்லாத வண்டிகளுக்குப் பட்டை வகை. ரப்பர் பட்டை ஸ்விங்ஆர்மின் அடிப்பாகத்தைத் தாங்கும். ஸ்விங்ஆர்ம் சதுரக் குழாயாக, அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் நன்றாக உட்காரும். உருண்டைக் குழாயாக இருந்தால் நழுவப் பார்க்கும். ஒரு பக்கம் சைலன்சர் வந்து இடிக்கிறதா, செயினை இறுக்கும் போல்ட்டின் மேல் பட்டை உட்காருகிறதா என்பதையும் வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். முடிந்தால் வண்டியையே கடைக்கு ஓட்டிப் போய் அங்கேயே ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

மற்றபடி எந்த வகையாக இருந்தாலும், ஸ்டாண்டைச் சமதரையில் வைத்து இரண்டு கைகளின் உயரமும் ஒன்றா என்று பாருங்கள். அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் இறுக்கிய பிறகும் லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் வேண்டாம். வெல்டிங் சுற்றிவர முழுதாக ஓடியிருக்கிறதா, அங்கங்கே பொட்டு வைத்தது போல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பளபளப்பான பெயின்ட் பல குறையை மறைக்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் பொருள்தான், ஆனால் அதன் மேல் நிற்கப்போவது ஒன்றரை லட்ச ரூபாய் வண்டி.

## மற்றவை

முன் சக்கரத்தைத் தூக்கும் ஸ்டாண்ட் தனி. ஒரு வகை, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிமுனையைத் தாங்கும், சக்கரத்தைக் கழற்றலாம். இன்னொரு வகை ஹேண்டில்பார் சுழலும் தண்டின் அடித்துளையில் ஒரு முளையைச் செருகித் தூக்கும். இதில் ஃபோர்க்கையே கழற்றலாம். இரண்டில் எதுவானாலும், பின்பக்கம் ஸ்டாண்டில் உறுதியாக நின்ற பிறகுதான் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். இறக்கும்போது முன்பக்கம் முதலில். சாதாரண வீட்டுப் பராமரிப்புக்கு முன் ஸ்டாண்ட் தேவைப்படாது என்பது என் கருத்து.

டபுள் ஸ்டாண்டில் இருக்கும் வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்ற நினைப்பவர்கள் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் எடையின் மையம் டபுள் ஸ்டாண்டுக்கு முன்னால் இருப்பதால்தான் முன் சக்கரம் தரையில் நிற்கிறது. அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டால் வண்டி மூக்கைக் குத்திக்கொள்ளும். அடியில் உறுதியான முட்டு இல்லாமல் அச்சைக் கழற்றாதீர்கள்.

அடியிலிருந்து திருகி உயர்த்தும் ஜாக் வகை, சேசிஸ் குழாய் இன்ஜினுக்குக் கீழே வரை ஓடும் வண்டிகளுக்குப் பொருந்தும். பல புது வண்டிகளில் அப்படிக் குழாயே கிடையாது, கீழே இருப்பது இன்ஜினின் அடிப்பகுதிதான். முதல் தலைமுறை டியூக்கில் சைலன்சரே வயிற்றுக்கு அடியில் இருக்கும். ஆயில் நிற்கும் மெல்லிய அலுமினிய அடித்தட்டின் மேலோ சைலன்சர் மேலோ வண்டியின் எடையை ஏற்றக் கூடாது.

உருளைத் தட்டு என்று ஒன்று இருக்கிறது. தரையில் வைத்த சின்னச் சட்டத்தில் இரண்டு உருளைகள். பின் சக்கரத்தை அதன் மேல் ஏற்றி நிறுத்தினால், வண்டி சைடு ஸ்டாண்டிலேயே இருக்க, சக்கரம் அதே இடத்தில் சுற்றும். எதையும் தூக்குவதில்லை, சக்கரத்தைக் கழற்றவும் முடியாது. செயினுக்கு எண்ணெய் போடுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இதுவே போதும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இடமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், வேலை முடிந்ததும் ஷூ ரேக்குக்கு அடியில் தள்ளிவிடலாம்.

இப்போது தேர்வு சுலபம். டபுள் ஸ்டாண்ட் இருக்கிறது, செயின் வேலை மட்டும்தான்: எதுவும் வாங்க வேண்டாம். டபுள் ஸ்டாண்ட் இல்லை, செயின் வேலை மட்டும்: உருளைத் தட்டு. சக்கரத்தைக் கழற்றுவேன், பிரேக் பேடு மாற்றுவேன், டிஸ்க் துடைப்பேன் என்றால்: பாபின் துளை இருந்தால் கொக்கி வகைப் பேடாக், இல்லையென்றால் ஸ்விங்ஆர்மைப் பார்த்துப் பட்டை வகை.

## தரையைப் பாருங்கள்

மழைத் தண்ணீர் வழிய வேண்டும் என்று நம் வீட்டு போர்ட்டிகோவில் வாசலைப் பார்த்து ஒரு சரிவு விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, பந்தை வைத்தால் தெரியும். பின் சக்கரம் காற்றில் இருக்கும்போது கியர் போட்டிருந்தாலும் அது வண்டியைப் பிடிக்காது. முன் சக்கரம் சும்மா உருளும். வண்டி முன்னால் உருண்டால் ஸ்டாண்ட் விட்டுவிடும் என்று பார்த்தோம். எனவே சரிவை முழுதாகத் தவிர்க்க முடியாவிட்டால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். அப்போது எடை வண்டியைப் பின்னால் இழுக்கும், ஸ்டாண்ட் இன்னும் இறுகும். ஏற்றி முடித்ததும் முன் பிரேக் லிவரை ஹேண்டில்பாரின் கைப்பிடியோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டாலோ நாடாவாலோ கட்டிவிட்டால் நல்லது.

வழவழப்பான டைல்ஸில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ சிந்தினால் ஸ்டாண்டின் உருளை வழுக்கும். கீழே ஒரு பழைய ரப்பர் மிதியடியை விரித்துக்கொள்ளலாம். மண் தரையில் டபுள் ஸ்டாண்டின் கால்கள் புதையும், ஒரு கால் மட்டும் புதைந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகையைப் போடுங்கள்.

## ஏற்றும் முறை

டபுள் ஸ்டாண்ட் போடக் கஷ்டப்படுபவர்கள் பெரும்பாலும் கையால் தூக்கப் பார்ப்பவர்கள். இடப்பக்கம் நின்று, இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நேராக நிமிர்த்துங்கள். வலது கை பின்பக்கக் கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டின் மிதியை மெதுவாக அமுக்கினால் முதலில் ஒரு கால் தரையைத் தொடும். வண்டியை அரைக்கால் அங்குலம் அப்படி இப்படி அசைத்தால் இன்னொரு காலும் தொட்டுவிடும், அது பாதத்திலேயே தெரியும். இரண்டும் தொட்ட பிறகு உடம்பின் முழு எடையையும் அந்த மிதியில் இறக்குங்கள், மாடிப்படி ஏறுகிற மாதிரி எழுந்து நில்லுங்கள். கை வண்டியைப் பின்னால் வழிநடத்தினால் போதும். 195 கிலோ கிளாசிக் 350 கூட இப்படிச் சத்தமில்லாமல் ஏறும். அப்போதும் சிரமமாக இருந்தால், பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு அங்குலத் தடிமனில் பலகை போட்டு அதன் மேல் நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், தூக்க வேண்டிய உயரம் அந்த அளவு குறைந்துவிடும்.

பேடாக்கில் முதல் சில தடவை தனியாக முயல வேண்டாம். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். சைடு ஸ்டாண்ட் விரித்தபடியே இருக்கட்டும். பிடிப்பவர் பிரேக்கை அமுக்கக் கூடாது, வண்டி சிறிது பின்னால் நகர்ந்துதான் ஏற வேண்டும். நீங்கள் பின்னால் வந்து, இரண்டு கொக்கியையும் பாபினில் உட்கார வைத்து, குனிந்து இரண்டு பக்கமும் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் அமுக்கவே கூடாது. ஒரு கொக்கி மட்டும் மாட்டியிருக்கும்போது அமுக்கினால் வண்டி மறுபக்கம் விழும். பார்த்த பிறகு பிடியை நேர் கீழே, ஒரே சீராக, தரையில் முட்டும்வரை அமுக்குங்கள். பிறகு சீட்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஸ்டாண்டில் இருக்கும்போது யாரும் வண்டியில் ஏறி உட்காரக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

## இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் தொடாதீர்கள்

ஸ்டாண்டில் ஏற்றியதும் முதல் கியரைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். பார்த்தாலே பதறுகிறது. ஐட்லிங்கில் மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று தோன்றும். அந்த மெதுவிலும் செயின் ஒரு நொடிக்கு உத்தேசமாக ஒரு முழம் ஓடுகிறது. துணியின் ஒரு நூல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினால் துணி இழுக்கப்படும், துணியைப் பிடித்த விரல்களும் கூடவே போகும். நாம் கையை உதறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்ஜினுக்கு விரல் ஒரு தடையே இல்லை.

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். நியூட்ரலில் வைத்து, இடது கையால் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள், அதாவது செயினின் கீழ்ப்பகுதி பின் பல்சக்கரத்திலிருந்து விலகி முன்னால் போகிற திசையில். வலது கையில் பிரஷ், அந்தக் கீழ்ப்பகுதியின் நடுவில், பல்சக்கரங்களில் இருந்து தள்ளி. கையால் சுற்றும்போது இன்னொரு நன்மையும் உண்டு: செயின் எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று கைக்கே தெரியும். ஒரு சுற்றில் ஓரிடம் மட்டும் இறுகினால் செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. தளர்வை அந்த இறுகிய இடத்தில்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சரியாக வைத்ததாக நினைத்த அளவு அந்த இடம் வரும்போது தப்பாகிவிடும். சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங்கைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் உரசி நின்றால் டிஸ்க்கைப் பாருங்கள். டயரில் ஆணி குத்தியிருந்தால் அதுவும் இப்போதே கண்ணில் படும்.

செயின் ஸ்ப்ரே போட்ட பிறகு கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள், எண்ணெய் உள்ளே இறங்கட்டும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், டயரில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. அப்புறம் இறக்கலாம். பிரேக் லிவரில் கட்டியதை அவிழ்த்து, சைடு ஸ்டாண்ட் முழுதாக விரிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, ஒரு கையால் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பேடாக்கின் பிடியை மெதுவாக மேலே உயர்த்துங்கள். மையத்தைத் தாண்டியதும் எடை சட்டென்று உங்கள் கைக்கு வரும். அந்த இடத்தில் பிடியை விட்டுவிடாமல் சக்கரம் தரையைத் தொடும்வரை கூடவே இறக்குங்கள். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற பிறகு கொக்கியைப் பாபினிலிருந்து விலக்கி எடுங்கள்.